கொளுக்கி திறக்கத் தெரியாதவள்

என் பாசத்துக்குரிய இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டின நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். உங்கள் பெயரை நான் வாயால் சொன்னது ஆஸ்பத்திரியில் மட்டும்தான், அதுவும் தாதி கேட்டபடியால். எழுத்திலும் அது வரமாட்டேன் என்கிறது. கோபிக்கமாட்டீர்கள்தானே?

முதலில் சேதியைச் சொல்கிறேன். உங்கள் கைமணிக்கூடு திருத்தி வந்துவிட்டது. இதை எழுதும்போது என் கையில்தான் இருக்கிறது. புருவத்தை உயர்த்தாதேயுங்கள், எல்லாம் ஒழுங்காகச் சொல்கிறேன்.

சுவிசில் அந்த உணவகக் குசினியில் கோப்பை கழுவிக் கழுவி வாங்கிய மணிக்கூடு. வாங்கி வந்த அன்று, அகதிக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று நான் சண்டை பிடித்தேன். "அகதிக்கும் நேரம் ஓடுதுதானே" என்று சிரித்தீர்கள். பிறகு லண்டனுக்கு வந்து, கோலியர்ஸ் வுட்டில் கடை போட்டு, அரிசி மூட்டை தூக்கும்போதும் அது உங்கள் கையில்தான் கிடந்தது.

அந்த மணிக்கூட்டுச் சங்கிலியின் கொளுக்கியைப் பூட்டுவது லேசு. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். திறப்பதுதான் வித்தை. மேலேயிருக்கும் சின்ன முத்திரையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உயர்த்தவேண்டும். உங்கள் வலது பெருவிரல் நகத்தைத்தான் அந்தக் குசினியின் இறைச்சி வெட்டும் மெஷின் கொண்டுபோய்விட்டதே. அதனால் பின்னேரம் கடையால் வந்ததும் என் முன்னால் கையை நீட்டுவீர்கள். "இஞ்சாரும், விலங்கைக் கழட்டும்." நான் கழற்றிவிடுவேன். நம் பிள்ளை கபிலன் அந்நேரம் வேலையில் நிற்பான், அவன் வரும்போது நீங்கள் நித்திரை. இந்தக் கழற்றல் நம் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒன்று.

உங்களைக் கடைசியாகக் கிடத்தியிருந்த மண்டபத்தில், அப்பா மணிக்கூடு கட்டாமல் வெளியே போனதில்லை என்று கபிலன்தான் அதை உங்கள் கையில் பூட்டினான். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. பேழையை மூடும் நேரத்தில்தான், மணிக்கூட்டோடு தகனசாலைக்கு அனுப்ப ஏலாது என்று மண்டபத்துக்காரர்கள் சொன்னார்களாம். வெளியே வாகனம் காத்து நின்றது. ஆம்பிளைகள் ஒருவர் மாறி ஒருவராக இழுத்தும் நெம்பியும் பார்த்திருக்கிறார்கள். அது திறக்கவில்லை.

நான் எங்கே இருந்தேன் தெரியுமா? நாலைந்து கதிரை தள்ளி, பெண்களுக்கு நடுவில். அப்போதுதான் மச்சாள் என் தாலிக்கொடியைக் கழற்றி முடித்திருந்தா. வளையல்களும் போயிருந்தன. அந்தக் கொடியின் கொளுக்கியை எப்படித் திறப்பதென்று அங்கேயிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. உங்களுடையது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். என்னிடம் கேட்போமா என்று யாரோ சொல்லவும், "அவவைக் குழப்பாதையுங்கோ" என்று பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டாராம். இரக்கத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த இரக்கத்தால் உங்கள் கையை நான் கடைசியாக ஒருதரம் பிடிக்கக் கிடைக்கவில்லை.

மண்டபத்துக்காரர்களின் குறடொன்றை வாங்கி, கபிலன்தான் சங்கிலியை வெட்டினான். வீட்டுக்கு வந்து கைலேஞ்சியில் சுற்றி என் மடியில் வைத்தான். ஒரு கண்ணி இரண்டாகப் பிளந்து, பக்கத்துக் கண்ணிகள் நசிந்து கிடந்தன. கொளுக்கி மட்டும் பூட்டினபடியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அன்று நான் கத்தி அழுதேன். உங்களுக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். உங்களுக்காகவும்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தும் அது அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. வருசம் முடிந்து ஆட்டைத் திவசம் வருமுன்னர் திருத்தி அவன் கையில் கட்டிவிடவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மோர்டனில் ரயிலேறி நகரத்துக்குள் ஒரு மணிக்கூட்டுக் கடைக்குப் போனோம். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை சங்கிலியை வாங்கிப் பார்த்தாள். வெட்டின கண்ணியை ஒட்டினால் நிற்காதாம், புதிதாகத்தான் போடவேண்டுமாம். சொல்லிக்கொண்டே நகத்தை முத்திரைக்குக் கீழே கொடுத்தாள். கொளுக்கி திறந்துகொண்டது. "இது நல்லாய்த்தானே இருக்கிறது, ஏன் வெட்டினீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கபிலனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இல்லை, பார்க்காததே நல்லது. சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் எப்படி இருப்பானோ அப்படி இருந்தான்.

"அம்மா, இது இப்பிடித் திறக்குமெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

இத்தனை மாதமாக நான் வாய்க்குள் வைத்திருந்த பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒருதரும் என்னட்டக் கேக்கேல்லையே, ராசா. அதைச் சொல்லியிருந்தால் என் நெஞ்சுப் பாரம் இறங்கியிருக்கும். அது அப்படியே அவன் நெஞ்சில் போய் ஏறியிருக்கும், பிறகு வாழ்நாளுக்கும் இறங்காது.

"எனக்கெங்க ராசா தெரியும். அப்பாதானே கழட்டிறவர்" என்றேன்.

உங்கள் நகமில்லாத விரல் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் கேட்கவில்லை.

யாருடைய கைக்கு அளவெடுக்கவேண்டும் என்று கடைப் பெண்பிள்ளை கேட்டாள். கபிலன் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். "நான் வெட்டினது, அம்மா. என்ர கையில போட ஏலாது" என்றான். எவ்வளவு கெஞ்சியும் கையை வெளியே எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை காத்துக்கொண்டு நின்றாள். என்ன துணிவில் செய்தேனோ தெரியாது, என் வெறுங்கையை அவள் முன்னால் நீட்டினேன்.

எனக்காகப் பல கண்ணிகளைக் கழற்றவேண்டியிருந்தது. அவற்றைச் சின்னப் பையில் போட்டுத் தந்தாள். உங்கள் கையின் பருமன் இப்போது அந்தப் பைக்குள் இருக்கிறது. கையில் எதுவும் போடக்கூடாதவள் ஆம்பிளை மணிக்கூடு கட்டித் திரிகிறாளாம் என்று மச்சாள் யாரிடமோ சொன்னாவாம். சொல்லட்டும்.

உங்கள் கடையை இப்போது கபிலன்தான் பார்க்கிறான். ஊருக்குக் கதைக்கப் போன் கார்ட் வாங்க வருகிறவர்கள் இன்னும் உங்களைத்தான் விசாரிக்கிறார்களாம். பின்னேரம் அவன் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் நான் கையை நீட்டுகிறேன். அவன் குனிந்து, அந்தப் பிள்ளை காட்டிக்கொடுத்தபடி, நகத்தைக் கொடுத்து மெல்ல உயர்த்துகிறான். திறந்ததும் ஒவ்வொரு நாளும் "நோகேல்லைத்தானே?" என்று கேட்கிறான். மணிக்கூடு கழற்றினால் யாருக்காவது நோகுமா? அவன் யாரைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் திவசத்து நினைவு மலரில் இதைப் போடப்போகிறார்கள். அவன் தமிழ் கதைப்பான், வாசிக்கமாட்டான். மலரை வாசிக்கிற நீங்கள் யாரும் அவனிடம் சொல்லிவிடாதேயுங்கள்.

இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கை உள்ளவரைக்கும் பின்னேரத்தில் அதை அவன் முன்னால் நீட்டுவேன், ஒன்றும் தெரியாதவள்போல.

உங்கள்,
இஞ்சாரும்