உன் பெயரில் திறந்திருந்த கம்ப்யூட்டர்

இன்று காலை வார்டில் எல்லோர் கழுத்திலும் ஒரு புது அட்டையை மாட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் பக்கத்தில் காட்டினால் போதும், திறந்துகொள்கிறது. கையுறையைக்கூடக் கழற்ற வேண்டாம். புதிதாக வந்த நர்ஸ் பெண்கள் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. இதை அன்றைக்கே கொடுத்துத் தொலைத்திருந்தால் என்ன?

அன்று நமக்கு இருந்தது பாஸ்வேர்டு. பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், ஆச்சரியக்குறி வேண்டும், மாதம் பிறந்தால் மாற்ற வேண்டும். திரும்பி நோயாளியைப் பார்ப்பதற்குள் திரை பூட்டிக்கொள்ளும். தப்பாக அடித்தால் மாடியிலிருக்கும் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷினில் கை நசுங்கி ஒருவன் ரத்தம் சொட்டச் சொட்ட வந்து நிற்பான். நாம் ஆச்சரியக்குறியைத் தேடிக்கொண்டிருப்போம்.

நீதான் வழி கண்டுபிடித்தாய். கொரட்டூரில் ரயிலேறி எங்களுக்கெல்லாம் முன்னால் வந்துவிடுவாய். உன் பெயரில் திறந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, அதன்மேல் மவுஸை வைப்பாய். நொடிமுள் நகர நகர, யாரோ மவுஸை அசைக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் ஏமாந்துகொண்டே இருக்கும். ஷிப்ட் முடியும்வரை வார்டே உன் பெயரில்தான் மருந்து பதிந்தது. "மாட்டினா என்னடி பண்ணுவ?" என்று கேட்டேன். "மூச்சு வாங்கிக்கினு கீற ஆளாண்ட, 'இரு நைனா, பாஸ்வேர்டு மறந்துட்டேன்'னு சொல்ல சொல்றியா?" என்று சிரித்தாய்.

ஒரு நாள், ஒருவருக்குப் பதிய வேண்டிய இன்சுலினை யாரோ பக்கத்துக் கட்டில்காரருக்குப் பதிந்துவிட்டார்கள். ஊசியும் போட்டாயிற்று. மயங்கிய மனுஷர் கண் விழிப்பதற்குள் நம் உயிர் போய் வந்தது. அந்தப் பதிவு நடந்த நேரத்தில் நீயும் நானும் எக்ஸ்ரே அறையில் ஒரு பெரியவரைத் தூக்கிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தோம். விசாரணையில் அதைச் சொன்னேன். அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். "இங்க அவங்க பேருதானம்மா இருக்கு?" பதிந்தவள் வாய் திறக்கவில்லை. நீயும் யாரையும் கைகாட்டவில்லை. உன்னை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குமணன்சாவடி கிளினிக்கில் சேர்ந்தாய். அவர்கள் இங்கே போன் போட்டு விசாரித்தார்கள்; அந்த வேலையும் போயிற்று. போன வருஷம், உன் கடைசி நாட்களில், புற்றுநோய் உன்னை அரித்துத் தின்றபோதுகூட நீ வலியைப் பற்றிப் பேசவில்லை. "எம் பொண்ணு நர்சுக்குப் படிக்கணும்னு சொல்லிக்கினு கீறா. உங்கம்மா ஊசி மாத்திப் போட்டவன்னு எவனாச்சும் சொல்லிடுவான்டி. அது நான் இல்லன்னு ஒரு வார்த்தை எழுதி வாங்கிக் குடு" என்றாய்.

இன்று மதியம் மறுபடி மாடியேறிக் கேட்டேன். "பழைய பதிவுல யாரும் கை வைக்க முடியாது சிஸ்டர். செக்யூரிட்டின்னா அதுதான்" என்றார் அங்கிருந்தவர், மரியாதையாகவே. மாற்ற வேண்டாம், பக்கத்தில் ஒரு வரி சேருங்கள் என்றேன். அதற்கு அதில் இடமே இல்லையாம்.

உன் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். இருக்கும்வரை சொல்வேன். எனக்குப் பிறகு, அந்தத் திரை சொல்வதுதான்.