காலியாக விட்ட கட்டம்

அக்கா,

சென்ற வாரம் அம்மாவுக்குக் கண் ஆப்ரேஷன் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். கிளம்பும்போது ஆஸ்பத்திரிக் கவுண்டரில் டிஸ்சார்ஜ் தாளை நீட்டினார்கள். நான் அங்கேயே நின்று படிக்கத் தொடங்கினேன். பின்னால் வரிசை நீண்டது. "வூட்டுக்குப் போயி படிச்சிக்கலாமே மேடம்" என்றாள் கவுண்டர் பெண். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கையெழுத்து புரியாத இடத்தில் அவளையே கேட்டு, கடைசி வரி வரை படித்த பிறகுதான் நகர்ந்தேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஏன்டி இப்படிப் பண்றே?" என்று அலுத்துக்கொண்டாள். உங்களைப் பற்றி அவளுக்குத் தெரியாது. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது என்பதும் தெரியாது.

உங்களை முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. மக்கள்தொகைப் பொருளியலில் ஆய்வு மாணவி. வருமானம் கூடினால் பிள்ளைகள் குறைகிறார்களா, பிள்ளைகள் குறைந்தால் வருமானம் கூடுகிறதா என்று கண்டுபிடிப்பதற்காகச் சென்னையிலிருந்து வந்தவள். ஆரணியின் நெசவுத் தெருக்களில் கொஞ்சம் வீடுகள், பெரணமல்லூர்ப் பக்கத்து ஊர்களில் கொஞ்சம் வீடுகள். இரண்டு வருடம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். பட்டியலில் உங்கள் வீட்டுக்கு ஓர் எண் இருந்தது. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தீர்கள்.

"நான் பதில் சொன்னா எனக்கு இன்னா வரும்?"

"ஒண்ணும் வராதுங்க."

"அத மொதல்லயே சொல்ற பாரு. உள்ள வா."

அதற்கு முந்தைய தெருவில் எல்லோரும் என்னிடம் பட்டா கேட்டிருந்தார்கள், கடன் கேட்டிருந்தார்கள். நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள். உள்ளே குழித்தறியில் உங்கள் வீட்டுக்காரர் நெய்துகொண்டிருந்தார். பெரிய பெண்கள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். தறிக்கு ஒத்தாசையாக வீட்டில் நிறுத்திக்கொள்ளவில்லையா என்று படிவத்தில் இருந்தபடி கேட்டேன்.

"நிறுத்தலாம். ஆனா நான் பஸ்ஸு ஏறணும்னா நாலு பேர கேட்டுகினு நிக்கறேன், இது எங்க போவுதுன்னு. இதுங்களும் அப்டி நிக்கணுமா?"

எங்கள் துறையில் பிள்ளைகளின் எண்ணிக்கை, தரம் என்று ஒரு கோட்பாடு உண்டு, குறைவாகப் பெற்று நிறையப் படிக்கவைப்பது பற்றி. அதை விளக்க எனக்கு ஒரு பருவம் முழுவதும் வகுப்பு எடுத்திருந்தார்கள். உங்களுக்கு ஒரு பஸ் போதுமாக இருந்தது.

பையன் பிறந்த தேதி உங்களுக்குச் சரியாக நினைவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைக் காட்டினீர்கள். முழுக்க ஆங்கிலம். அந்த வீட்டில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் அன்று நான்தான். எனக்கு வேண்டியிருந்தது ஒரு தேதி. அதன் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டு, படிவத்தில் எழுதிக்கொண்டு, தாளை மடித்துத் திருப்பித் தந்தேன்.

அடுத்து குடும்பக் கட்டுப்பாடு. படிவத்தில் இருக்கும் நீளமான பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது, ஆப்ரேஷன் என்றே கேளுங்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். கேட்டேன். "இவன் பொறந்தப்பவே ஆயிடுச்சு" என்றீர்கள். ஆம் என்று குறித்தேன். ஆம் என்றால் அடுத்த பத்துக் கேள்விகள் தேவையில்லை. அன்று சீக்கிரம் முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சிகூட.

இரண்டு வருடம் கழித்து நான் மறுபடி வந்தபோது உங்கள் வீட்டுத் தூளியில் மூன்று மாதப் பெண் குழந்தை இருந்தது.

வயிற்றில் இருப்பது தெரிந்ததிலிருந்து எட்டு மாதமாக உங்கள் வீட்டுக்காரர் உங்களுடன் பேசுவதில்லை, குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று எதிர்வீட்டு அம்மா என் செருப்பைக் கழற்றவிடாமல் சொல்லி முடித்திருந்தார். அண்ணன் வீடு வரைக்கும் போய்விட்டு வந்தீர்களாம். அங்கேயும் முகம் கொடுக்கவில்லையாம். உள்ளே உங்கள் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல நேரத்துல வந்தம்மா. நீயே சொல்லு. போன தபா ஆப்ரேஷன் ஆயிடுச்சின்னு எழுதிகினு போனியா, இல்லியா?"

"எழுதினேன்."

"கேட்டுக்கடா தம்பி. கவுர்மெண்டு பேப்பர்லயே கீது."

அது அரசாங்கக் காகிதம் இல்லை என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஆப்ரேஷன் ஆன பிறகும் சிலருக்கு எப்போதாவது கரு தங்கும், அது மருத்துவத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஊர்ல அத்தினி பேருக்குப் பண்ணிகீறாங்க. இவுளுக்கு மட்டும் வுட்டுப்போச்சா?" என்றார் நாத்தனார். தறிச் சத்தம் நின்றிருந்தது. நீங்கள் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒரு வீட்டுக்குள் ஒரு பெண்ணுக்கு எதிராக நான் படிவத்தில் குறித்த 'ஆம்' என்பதைச் சாட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த ஆஸ்பத்திரித் தாளைக் கேட்டேன். அதே கவரிலிருந்து எடுத்துத் தந்தீர்கள். பையன் பிறந்த தேதி, பக்கத்தில் என் பென்சில் டிக். அதற்கு இரண்டு வரி கீழே, அன்று நான் படிக்காமல் விட்ட இடத்தில், எழுதியிருந்தது: குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருப்பதால் குடும்பக் கட்டுப்பாடு ஆப்ரேஷன் இப்போது செய்யப்படவில்லை, மூன்று மாதம் கழித்து வரவும்.

தமிழில் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துச் சொன்னேன்.

"ஆப்ரேஷன் ஆயிடுச்சான்னு நான் கேட்டனே. ஆயிடுச்சுன்னாங்களே" என்றார்.

வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்ததும் ஆப்ரேஷன். இனிமேல் பிள்ளை வேண்டாம் என்று செய்வதும் ஆப்ரேஷன். அவர் ஒன்றைக் கேட்டிருக்கிறார், வார்டில் யாரோ மற்றதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு அவர் வந்து சொன்னார். எனக்கு நீங்கள் சொன்னீர்கள். நான் அதைப் புள்ளிவிவரம் ஆக்கிவிட்டேன்.

அவர் தாளை வாங்கக் கை நீட்டினார். என் கையிலிருந்து நீங்கள்தான் வாங்கி அவரிடம் காட்டினீர்கள். அப்போது உங்கள் கட்டைவிரல் அந்தப் பென்சில் டிக்கின் மேல் இருந்தது. தாளை மடித்துக் கவரில் போடும்வரை விரல் நகரவில்லை.

அவர் உங்களைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் சொல். நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். நாத்தனார், "இங்கிலீஷுல எழுதி வெச்சா எவன் கண்டான்" என்று எழுந்து போனார். மறுநாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து குழந்தையை அவரே குளிப்பாட்டினார் என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

அன்று வாசல்வரை என்னுடன் வந்தீர்கள்.

"அந்த டிக்கு உன்னுதுதான?"

"ஆமாக்கா."

"தெரியும். நான்தான எடுத்துக் குடுத்தேன்."

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "எனக்கு இருந்த சாட்சி நீ ஒருத்தி. உன்னையும் அவுங்க எதிர்க்க பொய்யாக்கிட்டா நான் எங்க போறது?" என்றீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றும் சரி, பிறகும் சரி, நான் அப்படித்தான். நீங்களே முடித்துவைத்தீர்கள். "சரி வுடு. அடுத்த வூட்லயாவது கடைசி வரிக்கும் படி. ஜல்தியா போ, பஸ்ஸு பூடும்."

பிறகு வந்த வருடங்களில் ஆரணிக்கு எந்த வேலையாக வந்தாலும் உங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பாடு என்று ஆகிவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆகாதது பற்றி எல்லா ஊரிலும் அறிவுரை கிடைத்தது. நீங்கள் ஒருவர்தான் அதையும் கணக்கோடு சேர்த்துக் கேலி செய்தீர்கள்: "ஊர்ல கீறவங்கள எல்லாம் எத்தினி எத்தினின்னு கேக்கற. உன் படிவத்துல ஒரு முட்டதான் போல." போன வருடம் வந்தபோது, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இன்னும் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று டிவியில் பேசிக்கொண்டிருந்ததைக் காட்டினேன். சர்க்கரை நோயில் உங்கள் கால் வீங்கியிருந்தது. "அன்னிக்கி வேணான்னான், இன்னிக்கி வேணுன்றான். பேஜாரு. எவனாவது ஒருத்தன் பெத்தவள கேட்டானா?" என்றீர்கள். நான் கேட்டேனே என்றேன். "ஆமா, நீ கேட்ட" என்று சிரித்தீர்கள்.

உங்கள் காரியத்துக்கு வந்திருந்தேன். முடிந்ததும் அந்தக் கடைசிப் பெண் ஸ்கூட்டியில் என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டாள். செய்யாறு பக்கம் கம்பெனியில் ஷிப்டு வேலை; மறுநாள் விடியற்காலை கம்பெனி பஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டியை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை.

"சித்தி, அம்மா சொன்னதெல்லாம் நீங்க எழுதி வெச்சிருப்பீங்கதான?"

"அப்ப எழுதினேன்."

"எல்லாரும் என்ன தப்பிப் பொறந்தது தப்பிப் பொறந்ததுன்னு வெளாட்டுக்கு சொல்லிகினே இருப்பாங்க. அம்மா சிரிச்சிகினு போயிடும். நான் அதுகிட்ட கேக்கவே இல்ல. வேணும்னு பெத்துதா? வேணான்னு இருந்துதா?"

ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். இருபத்திரண்டு வயதுப் பெண், தாய்க்குக் காரியம் செய்த அன்று. அவளுக்கு எப்படியும் ஏதோ ஒரு பதிலோடு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

ஒருவர் சொன்ன பதிலை அவருடைய பிள்ளையிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையில் விதி. அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் நீங்கள் பதில் சொல்லியிருந்தால்தானே அந்த விதி? அதனால் நடந்ததைச் சொன்னேன்.

அன்று தாளைப் படித்துக் காட்டி, அவர் தறிக்குத் திரும்பிய பிறகும் என் படிவம் முடிந்திருக்கவில்லை. கடைசியாகப் பிறந்த குழந்தையைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. அப்போது அந்தக் குழந்தை வேண்டும் என்று இருந்தீர்களா, இன்னும் கொஞ்சம் நாள் கழித்து வேண்டும் என்று இருந்தீர்களா, வேண்டவே வேண்டாம் என்று இருந்தீர்களா? மூன்று கட்டம். நான் கேட்க ஆரம்பித்ததும் நீங்கள் கையைக் காட்டி நிறுத்திவிட்டீர்கள்.

"அவ முழிச்சிகினு கீறா. அவ எதிர்க்க அதக் கேக்காத" என்றீர்கள்.

"எனக்கு அப்ப எத்தினி மாசம்?" என்றாள் உங்கள் பெண்.

"மூணு."

"மூணு மாசப் புள்ளைக்கு இன்னா புரியும்?"

"நானும் அதையேதான் கேட்டேன்."

"அதுக்கு?"

"புரியாதுன்னு நீயா எப்டி எழுதிக்குவ, அவளக் கேட்டியான்னாங்க."

அவள் சிரித்தாள். பிறகு வண்டிக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டே இருந்தாள். என் பஸ் வந்து நின்றபோது, "அம்மாதான், அது அப்டித்தான் பேசும்" என்றாள். என் பையை அவளே தூக்கி உள்ளே வைத்தாள்.

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது அக்கா. தெரியும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் ஒரு பதில் தோன்றுகிறது, தூளிப் பக்கம் திரும்பிய உங்கள் முகத்தை நினைத்தால் இன்னொன்று. அப்போது எங்கள் ஆய்வு அலுவலகத்தில், ஆப்ரேஷன் விஷயத்தில் தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டார்கள். இந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பச் சொல்லி மறுபடி மறுபடி திருப்பி அனுப்பினார்கள். ஏற்கெனவே மூன்று இருக்கிறது, நாலாவதை யார் கேட்பார்கள், வேண்டாம் என்றே போட்டுவிடு என்றார் மேற்பார்வையாளர். நான் போடவில்லை. ஆய்வுக்கு வந்த இத்தனை வருடத்தில் தெரிந்தே காலியாக விட்டது அந்த ஒன்றைத்தான்.

இப்போது புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கையேட்டில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்துச் சொல்கிறேன்: பிள்ளை பக்கத்தில் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள், இன்னொரு நாள் போங்கள். போன மாதம் ஒரு பெண் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, "எந்த வயசு வரைக்கும் மேடம்?" என்று கேட்டாள்.

வயது வரம்பு கிடையாது என்றேன்.