போனை வச்சிடாதீங்க

என்னங்க,

போன்ல சொன்னா நம்ம பொண்ணு காதுல விழும், அதான் எழுதறேன்.

திக்கிப் பேசற பிள்ளைங்களுக்காக ஸ்கூலுக்கு ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சர் வந்திருக்காங்க. நேத்து வகுப்புல இவகிட்ட, "பையில என்ன கொண்டு வந்தே?"ன்னு கேட்டாங்க. இவ உதடு துடிச்சுது. மொத்த வகுப்பும் பொறுமையாக் காத்திருந்துது. இவளைக் கூட்டிட்டு வரப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்ன நான்தான் பொறுக்க மாட்டாம, "ஆரஞ்சு"ன்னு முந்திக்கிட்டேன். இவ வாயை மூடிக்கிட்டா. டீச்சர் உதட்டுல விரல் வச்சு என்னைப் பார்த்தாங்க.

கடையில, சொந்தக்காரங்க வீட்டுல, உங்க போன்லகூட இவ வார்த்தையைப் பிடுங்கினது நான்தாங்க.

ஞாயித்துக்கிழமை நீங்க கூப்பிடறப்போ நான் மாடியில துணி காயப்போடப் போயிடுவேன். சத்தமே இல்லைன்னா லைன் கட்டாயிடுச்சுன்னு வச்சிடாதீங்க. வார்த்தை வந்துக்கிட்டிருக்கும்.

இப்படிக்கு,
இத்தனை நாளா இவளுக்கும் சேர்த்துப் பேசினவள்