மசால் தின்ற எலிகள்

10-2-1986, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். 1979-இல் என் கட்டுரையிலிருந்து என் பெயரைக் கிருஷ்ணப்பன் எடுத்தபோது மூடிய வாய். இன்று அந்த ஆள் இந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர். எனக்கு அவருக்கு அடுத்த நாற்காலி. ஏழு வருடமாக அடுத்த நாற்காலி.

இன்று எலிகளை அறுத்துப் பார்த்தோம். சினைப்பையை எடுத்துவிட்டால் பெண் எலியின் கருப்பை நூல் போலச் சுருங்கிவிட வேண்டும், ஹார்மோன் கிடையாதல்லவா. தீர்த்தமலை வேரின் சாறு கொடுத்தால் அது மறுபடி பருக்கிறதா என்பதுதான் எங்கள் இரண்டு வருட வேலை. சாறு குடித்த எலிகளுக்குப் பருத்திருந்தது. வெறும் தண்ணீர் குடித்த எலிகளுக்கும் அதே அளவு பருத்திருந்தது. எல்லாம் வீண்.

கூண்டை மாற்றி வைத்துவிட்டாய் என்று, எலிகளைப் பார்த்துக்கொள்ளும் மஸ்தான் மேல் பாய்ந்தார் கிருஷ்ணப்பன்.

"உம் புள்ளைங்களையாவது அடையாளம் தெரியுமாய்யா?"

"எம் புள்ளைங்களுக்குக் காது வெட்டலீங்க சார். எலிக்கு வெட்டியிருக்கேன். மாறாதுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். "தீனி பழைய தீனிதானே?"

"பழையதுதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

11-2, செவ்வாய்

பழையது இல்லை. நவம்பர் மழையில் பெங்களூரிலிருந்து வர வேண்டிய தீனி மூட்டை வரவில்லை. எலிகள் சாகக் கூடாதே என்று நான்தான் மஸ்தானுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, காயவைத்து இடித்த குதிரைமசால் நூற்றுக்கு முப்பது. மாட்டுக்குப் போடும் பசுந்தீவனம் எலிக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். மூட்டை வந்த பிறகும் மாற்றச் சொல்லவில்லை. மறந்தேன். மறந்தேனா?

பெண் ஹார்மோன் போலவே வேலை செய்யும் ஒரு பொருள் உள்ள ஏதோ ஒரு வகைப் புல்லைத் தின்ற ஆடுகள் குட்டி போடாமல் மலடாகிப் போனதைப் பற்றி மாணவனாக இருந்தபோதே படித்திருக்கிறேன். தங்கப் பதக்கம் வாங்கியவன் நான்!

13-2, வியாழன்

மஸ்தானை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பதினான்கு வருட வேலை. மாலையில் வந்து சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினான்.

"தீனி மாறினதுக்கு உங்க எழுத்து இருக்குதுங்க சார். பெரியவருகிட்ட காட்டட்டுங்களா?"

"என்னிடம் இருக்கட்டும். நானே பேசுகிறேன்" என்றேன்.

கொடுத்துவிட்டான். கும்பிட்டுவிட்டு வேறு போனான்.

14-2, வெள்ளி

கடத்தூர் போய் மசால் விற்கும் நஞ்சப்பனைப் பார்த்தேன். அவர் மாட்டுக்கு அதை நிறையப் போடுவாரா என்று கேட்டேன்.

"அளவாத்தானுங்க போடுவேன். மிஞ்சுனா மாடு சும்மா சும்மா கத்தும். காளைக்கு உட்டாலும் சினை நிக்காது. இது எங்கூர்ல எல்லாருக்கும் தெரியுமே. நீங்க படிச்சவங்க, கேக்கறீங்க பாருங்க!"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கூடவே வந்தது.

15-2, சனி

ஆறு எலிகளுக்குச் சினைப்பை எடுத்தேன். மூன்றுக்கு மசால் தீனி. மூன்றுக்குக் கேழ்வரகும் பால்பொடியும். யாரிடமும் சொல்லவில்லை.

24-2, திங்கள்

மஸ்தானின் மனைவி ஜான் பீ வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வூட்ல சோறே எறங்கலீங்க அவருக்கு. எலி மாறலை, எலி மாறலைன்னே பொலம்பறாரு. சார் பேசறேன்னு சொன்னாராம். பேசுனீங்களா?"

"இன்னும் சமயம் வரவில்லை அம்மா."

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். எந்தப் பரீட்சையிலும் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

5-3, புதன்

கேழ்வரகு தின்ற எலிகளின் கருப்பை: 88, 92, 85 மில்லிகிராம். மசால் தின்றவை: 161, 174, 158.

வேர்ச்சாறு ஒரு சொட்டுக்கூட இல்லை. மருந்து தீனியிலேயே இருந்திருக்கிறது. மஸ்தான் எந்தக் கூண்டையும் மாற்றவில்லை.

6-3, வியாழன்

டெல்லியில் எங்களுக்கு நிதி கொடுக்கும் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். தீனி என்ன என்றே பார்க்காமல் ஹார்மோன் ஆராய்ச்சி நடத்தும் தலைவர், இரண்டு வருட வேலையின் கடைசிச் சோதனை குப்பை, எடைகள் இதோ. எல்லாம் உண்மை. ஒரு வரிகூடப் பொய் இல்லை.

கடைசியில் மஸ்தானைப் பற்றியும் எழுதினேன்: அவன் மேல் குற்றமில்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் போட்டான். படித்துப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்பார்களே. எனக்கு இன்னும் பதினொரு வருட வேலை இருக்கிறது. கிருஷ்ணப்பன் போனால் அந்த நாற்காலியும் இருக்கிறது. அதற்காக எழுதவில்லை. அதற்காகவா எழுதினேன்? இல்லை.

7-3, வெள்ளி

புதுத் தாளில் திருப்பி எழுதினேன். மஸ்தானைப் பற்றிய வரிகள் இல்லை. இடது கையால் எழுதியதால் விடிந்துவிட்டது.

தர்மபுரி தபால் ஆபீஸில் என்னை எல்லாருக்கும் தெரியும். அதியமான்கோட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போவேன். கையெழுத்துப் போடப் போவதில்லை.

சீட்டை இந்தப் பக்கத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.