மொட்டைச்சியும் நெட்டைச்சியும்

ஜூன் 28

மழை விட்டது. புல் முழங்காலைத் தாண்டிவிட்டது. நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரி எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது, அவளுக்குப் பொறுமை வராது. புல்வெளியில் அன்றன்று பூத்ததைக் குறித்து வைக்கச் சொன்னவர் செடி டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. எந்தச் செடி எதற்கு என்ன உறவு என்று பார்க்கிறவர்.

இன்று நெட்டைச்சி மொட்டு விட்டாள். இடுப்பு உயரம், உச்சியில் ஊதாக் குஞ்சம். மொட்டைச்சி வேறு மாதிரி. கோடையில் தீ ஓடி முடிந்ததும் கரிக்குள்ளிருந்து ஓர் இலைகூட இல்லாமல் பூப்பாள். ஆனால் அதே ஊதா, அதே குஞ்சம். பெயர்கள் நான் வைத்தவை.

"ரெண்டும் அக்கா தங்கச்சியா, இல்ல ஒருத்தியே போடுற ரெண்டு வேஷமா? அதாங்கய்யா கேள்வி" என்பார் டாக்டர். ஒருத்திதான் என்பது அவர் எண்ணம். இரண்டு என்கிறார் அவருடைய பேராசிரியர். கோடையில் பூத்த மொட்டைச்சிகளின் வேர்க்கழுத்தில் டாக்டர் சிவப்புக் கம்பி கட்டிப் போயிருக்கிறார். மழையில் அந்தக் கம்பிக்குள்ளிருந்து நெட்டைச்சி எழுந்தால் ஒருத்தி. அதுவரை காவல் நான்.

ஜூலை 6

காட்டுப்பன்றி அங்கங்கே கிளறிப் போட்டிருக்கிறது. கம்பியெல்லாம் சிதறிக் கிடந்தது. டாக்டருக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. காவல்காரன் கோட்டை விட்டதை அவனே போய்ச் சொல்லுவானா? பொறுக்கியெடுத்து ஞாபகத்திலிருந்தே கட்டிவிட்டேன். புற்றுக்கு இடப்பக்கம் ஒன்று, வெள்ளைக்கல் ஓரம் இரண்டு – எல்லாம் கண்ணில் நிற்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு நனைந்துகொண்டே வந்தவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

"கடைக்கு அனுப்புனா மட்டும் பாதி சாமான் மறந்துடும்" என்கிறாள் எழுதுகிறவள்.

ஜூலை 7

இன்று ஒன்றும் இல்லை.

ஜூலை 19

டாக்டர் வந்தார். கம்பி இருந்த இடத்திலெல்லாம் நெட்டைச்சி. ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தார். "ஐயா, ஒருத்திதான்! பேராசிரியர் மூக்கு உடையப் போகுது பாருங்க!" மாதக் கடைசியில் கட்டுரை போய்விடுமாம். அது அச்சானால்தான் அவருக்கு வேலை நீளும். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். நான் என்னவோ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"உங்க காவல் இல்லன்னா இது நடக்குமா?" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

ஜூலை 23

இடம் ஞாபகம் இருந்தது, சரி. அந்த இடத்தில் எவளுக்குக் கட்டினேன்? நின்னுக்கிட்டிருந்தவளுக்குக் கட்டினேன். குனிஞ்சு பார்த்தேனா? பார்க்கலியே. புல்லை விலக்கினேனா? ஐயோ –

"ஏங்க, எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

"அவங்க வேலை போயிடும்டி."

"பொய்யி அச்சாயிட்டா மட்டும் வேலை நிக்குமா?"

ஜூலை 24

சொல்லிவிட்டேன். போனில்தான். "எத்தனை கம்பி?" என்றார். "எல்லாந்தாம்மா."

"நாளைக்கு வர்றேன். எதையும் தொடாதீங்க." ஐயா என்ற வார்த்தை வரவில்லை.

ஜூலை 25

தோண்டிப் பார்த்தார். கோடையில் பூத்த வேரென்றால் கழுத்தில் காய்ந்த பூந்தண்டின் அடிக்கட்டை இருக்க வேண்டுமாம். கம்பிக்குள் நின்ற நெட்டைச்சியின் வேரில் அது இல்லை. பக்கத்தில் ஒரு சாண் தள்ளிப் புல்லை விலக்கினார். தரையோடு தரையாக, தட்டு மாதிரி இலை விரித்து ஒருத்தி படுத்திருந்தாள். அவளைத் தோண்டினால், கட்டை இருக்கிறது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மழையில் மொட்டைச்சி எழுந்திருக்கவே இல்லை. படுத்துத்தான் கிடந்திருக்கிறாள். அவள் கம்பியை எடுத்துப் பக்கத்தில் நின்றவளுக்குக் கட்டி, இரண்டு பேரை ஒருத்தியாக்கியவன் நான்.

"ரெண்டு பேருதான். பேராசிரியர் சொன்னதுதான் சரி" என்றார் டாக்டர், கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நானாவது எதையாவது சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 30

டாக்டர் வரவில்லை. நெட்டைச்சி பூத்து நரைத்துவிட்டாள்.

மார்ச் 17

போன வாரம் தீ ஓடியது. இன்று டாக்டர் வந்தார், இளைத்திருக்கிறார். வேலையை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்களாம், அவ்வளவுதான். இரண்டு பேர் என்பதையே முதலிலிருந்து ஒழுங்காகக் காட்டி எழுதப் போகிறாராம். எல்லாவற்றையும் நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

கம்பிச் சுருளை வாங்கக் கை நீட்டினேன்.

"இருக்கட்டுங்க. நானே கட்டிக்கிறேன்."

வெயில் சுட்டது. அவர் ஒவ்வொரு செடியாகக் குனிந்து கட்டினார். நான் அவர் தலைக்குமேல் குடையைப் பிடித்தபடி பின்னாலேயே நகர்ந்தேன்.

"இன்னைக்கு என்ன எழுதட்டும்?" என்கிறாள் வீட்டுக்காரி.

மொட்டைச்சி பூத்தாள் என்று எழுது.