நடுவில் நின்றவர்கள் மட்டும்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் இங்க சுகமா இருக்கோம், நீயும் மருமகளும் பேத்தியும் அங்க சுகமா இருப்பீங்கன்னு நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கேன். அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணின கண்ணு இப்ப நல்லாவே தெரியுதாம், இத்தனை நாள் கண்ணுல படாத ஒட்டடையெல்லாம் படப்போய், நான் வீட்டைச் சரியாவே பார்த்துக்கிறதில்லன்னு கண்டுபிடிச்சிருக்கார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுது, குழாய்க்காரர் வரேன் வரேன்னு சொல்லியே எங்களை வாளியோட குடித்தனம் நடத்த வச்சுட்டார். பேத்தி பல்லு விழுந்த போட்டோ வந்துச்சு, அப்பா அதைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்து கடைசியில ஓட்டை மட்டும்தான் திரையில இருந்துச்சு, அதையும் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட காட்டிட்டு வந்தார்.

இதையெல்லாம் போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு நினைப்பே. சொல்ல வந்தது இது இல்லடா. போன்ல ஆரம்பிச்சா நான் பாதி சொல்றதுக்குள்ள நீ பரவாயில்ல விடும்மான்னுடுவே, நானும் அதையே சாக்கா வச்சு மீதியை முழுங்கிடுவேன். அதான் எழுதுறேன்.

உன் மாமா போன வெள்ளிக்கிழமை பஸ் டிப்போவுல இருந்து ரிட்டையர் ஆனான். மெக்கானிக் ஷெட்லயே சின்னதா ஒரு வழியனுப்பு விழா வச்சிருந்தாங்க. போட்டோவுக்கு ஸ்டுடியோவுல சொல்லலாம்னு மேனேஜர் சொன்னப்ப, எங்க அக்கா இருக்கும்போது ஸ்டுடியோ எதுக்கு, அவங்க எத்தனை பள்ளிக்கூடத்துக்கு வகுப்பு போட்டோ எடுத்தவங்கன்னு உன் மாமா பெருமையடிச்சிருக்கான். எனக்கும் தலைகால் புரியல. நீ அனுப்பின டிஜிட்டல் கேமராவையும், பழைய லென்ஸைப் பொருத்த அதோட அனுப்பின வளையத்தையும் எடுத்து, என்னோட முப்பத்தஞ்சு எம்எம் லென்ஸை மாட்டிக்கிட்டுப் போனேன். அந்த லென்ஸை உனக்குத் தெரியும். ஃபிலிம் காலத்துல பள்ளிக்கூடத்து வராந்தாவுல முதுகு சுவத்துல ஒட்ட நின்னாலும் ஒரு வகுப்பையே வாத்தியாரோட சேர்த்து அள்ளிக்கிட்டு வரும். நீ கேமரா அனுப்பினப்பவே சொன்னே, அம்மா இதுல ஃபிலிமுக்குப் பதிலா இருக்கிற சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது, பழைய லென்ஸ் போட்டா நடுப்பகுதி மட்டும்தான் விழும், ஓரமெல்லாம் வெளியே போயிடும், கொஞ்சம் எடுத்துப் பார்த்துப் பழகிக்கோன்னு. நான் என்ன சொன்னேன், கேமராவைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியான்னு பேச்சை மாத்தினேன். அதுக்கப்புறம் வீட்டுல எடுத்ததெல்லாம் அப்பாவோட முகமும் பூந்தொட்டியும்தான், அதுக்கு ஓரம் எதுக்கு.

ஷெட்ல மேனேஜரையும் மாமாவையும் நாற்காலியில உட்கார வச்சு, பின்னால ரெண்டு வரிசையா ஆட்களை நிறுத்தினேன். ஃபோகஸ் பண்ணக் கண்ணை வச்சா ரெண்டு பக்கமும் ஆளைக் காணோம். வளையம் சரியா உட்காரலையோன்னு கழட்டி மாட்டினேன், அதே கதை. பின்னால நகர்ந்தேன், நிறுத்தியிருந்த பஸ் முதுகுல இடிச்சுது. எல்லாரும் நெருங்கி நில்லுங்கன்னேன், ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் சாய்ற அளவுக்கு நெருங்கியும் பத்தல. யாரோ, அம்மா ஃபிலிம் போட மறந்துட்டாங்களான்னு கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. தமாஷுக்குத்தான் கேட்டது, எனக்குக் காது ரெண்டும் சுட்டுது. இடது ஓரத்துல பஸ் கழுவுற பொம்பளைங்க ரெண்டு பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க, பெரியக்கான்னு எல்லாரும் கூப்பிடுறவங்களும், அவங்களோட வேலை செய்ற ஒரு சின்னப் பொண்ணும். ரெண்டு பேரும் அன்னிக்கு வேலைத்துணியை மாத்தி, நல்ல துணி கட்டி, தலை சீவி வந்திருந்தாங்க. எனக்கு அது தெரிஞ்சுதாடா, தெரிஞ்சுது. தெரிஞ்சும், நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடுத்ததுல சேர்ந்துக்கலாம்னு சொல்லிட்டேன். வலது ஓரத்துல இருந்த ரெண்டு டிரைவர்களை உள்ள இழுத்து நிறுத்தினேன். அவங்களைப் போகச் சொல்லத் தோணல, இவங்களைச் சொல்லத் தோணுச்சு. இதை எழுதும்போதே கை கூசுது.

ரெண்டு பேரும் தள்ளிப் போய் டயர் அடுக்கியிருந்த பக்கம் நின்னாங்க. நான் எடுத்தேன். எடுத்ததும் கேக் வெட்டினாங்க, மேனேஜர் பேசினார், ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு கூட்டம் கலைஞ்சு போச்சு. அடுத்தது எங்க எடுத்தேன்? நான் லென்ஸ் மூடியைப் போடும்போதும் அவங்க அங்கயேதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. பார்த்தும் பார்க்காத மாதிரி பையை மூடிட்டு வந்துட்டேன்.

பிரிண்ட் போட்டு மாமாகிட்ட கொடுத்தேன். நல்லா வந்திருக்குக்கான்னான், அவ்வளவுதான். எனக்குத்தான் வீட்டுல இருப்புக் கொள்ளல. அப்பா எதையாவது கேட்டா எரிஞ்சு விழுந்தேன், பாவம், சாம்பார்ல உப்பு ஏறிப்போனதைக்கூடச் சொல்லப் பயந்து சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை கேமராவைத் தூக்கிக்கிட்டு டிப்போவுக்குப் போனேன். ரெண்டு பேரும் பஸ் கழுவிக்கிட்டு இருந்தாங்க. அன்னிக்கு விட்டுப்போச்சு, இப்ப எடுக்கட்டுமான்னு கேட்டேன். சின்னப் பொண்ணு கையைத் துடைச்சுட்டு வந்து நின்னுச்சு, ஆனா நான் எடுக்கிறவரைக்கும் கேமராவைப் பார்க்கல, பெரியக்காவையே பார்த்துச்சு. பெரியக்கா வரல. கோபமா எல்லாம் இல்ல. இன்னிக்கு ஈரத்துணியில இருக்கேன்மா, அன்னிக்குத்தான் கிளம்பி வந்திருந்தேன்னு சொல்லிட்டு பைப்பைத் திருப்பிச் சக்கரத்துல அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

என்னால அங்கிருந்து நகர முடியல. வேலை முடிஞ்சதும் அவங்களே வந்து, மெஷின்ல அன்னிக்கு ஏதாவது கோளாறான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கோளாறு ஒண்ணும் இல்லக்கா, இந்தக் கேமராவுல இந்த லென்ஸ் இவ்வளவுதான் எடுக்கும்னு எனக்குத் தெரியல, தெரியலன்னு அத்தனை பேர் முன்னால சொல்ல வெட்கமா இருந்துச்சு, அதான் உங்களைத் தள்ளி நிக்கச் சொன்னேன்னு சொல்லிட்டேன். பெரியக்கா எனக்குப் பின்னால கையைக் காட்டினாங்க. அதை அப்பவே சொல்லியிருந்தா எல்லாரும் வெளிய மைதானத்துல வந்து நின்னிருப்போமேம்மா, எவ்வளவு இடம் கிடக்குன்னாங்க. நான் திரும்பிப் பார்த்தேன். அத்தனாம் பெரிய மைதானம், அவ்வளவு நேரமும் ஷெட் கதவுக்கு வெளியதான் இருந்திருக்கு.

வர்ற வழியில மாமா வீட்டுக்குப் போய் அவன்கிட்டயும் சொன்னேன். திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா தேவலை. நானும் பார்த்தேன்கா, நாற்காலியில உட்கார்ந்தபடியே பார்த்தேன், அவங்களும் வரட்டும்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும், உனக்கு அத்தனை பேர் முன்னால அவமானமாயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன், நான் முதல் நாள் வேலைக்குப் போனப்ப கிரீஸ் கறை போக எதைப் போட்டுக் கழுவணும்னு சொல்லிக் கொடுத்ததே பெரியக்காதான்னான். அந்தப் போட்டோவை அவன் இன்னும் சுவத்துல மாட்டல. மாட்டுடான்னு சொல்ல எனக்கும் வாய் வரல.

இதைப் படிச்சதும் அகலமா எடுக்கிற லென்ஸ் வாங்கி அனுப்பக் கிளம்பிடாதே, வேண்டாம். நீ சொன்னப்ப காது கொடுத்துக் கேட்காததுக்கு அம்மாவை மன்னிச்சுக்கோ. நீயும் புது வேலையில ஒண்ணு தெரியலன்னா தெரியலன்னு கேட்டுடு, கூச்சப்படாதே. பேத்திக்குக் காது வலிக்குதுன்னியே, அதைத் தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டு. மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம, மனசு நிறைஞ்சு இருக்கணும். அப்பாவோட ஆசீர்வாதமும் இதோட சேர்த்தி, அவர்கிட்ட இந்தக் கதையை இன்னும் சொல்லல, நீயும் சொல்லாதே, நானே சொல்லிக்கிறேன்.

என்றும் உன்
அம்மா