அதிமதுரமும் என் பேத்தியின் ஆராய்ச்சியும்

ஐப்பசி 2, ஞாயிறு
விடாத மழை. ஆற்றில் செந்தண்ணீர். படித்துறைக்குப் போகவில்லை.
மூத்தவன் மகனுக்குப் பாங்கியில் பிரமோஷன். அவன் தங்கை பத்தாவதில் கணக்குக்கு நூறு. மகள் வயிற்றுப் பேத்தி உமா, பாளையங்கோட்டையில் டாக்டருக்கு மேல்படிப்பு. இருதய மாத்திரை தின்கிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு குறைவதைப் பற்றி ஆராய்ச்சி. இருதய மாத்திரை, நீர் பிரிகிற மாத்திரை இரண்டும் தின்பதால் அவள் லிஸ்டில் நானும் உண்டு. ஐந்தாவதோடு நின்றவளுக்கு இது போதாதா!
மூன்று நாளாய்க் குமட்டல். வெளுப்பில் வந்த வெள்ளைச் சேலை மஞ்சளாய் இருந்தது. சலவைக்காரரிடம் சண்டை. "சேலை பாலாட்டம் இருக்கு ஆச்சி, கண்ணைப் போய்க் காட்டுங்க" என்கிறார். வாய் நீளம்.

ஐப்பசி 3, திங்கள்
தலைசுற்றல். கோயிலில் தேவாரம் பாடப் போகவில்லை. மருமகள் பூத்திலிருந்து உமாவுக்குப் போன். வந்து நாடி பிடித்துப் பார்த்தாள். உடனே கார், ஆஸ்பத்திரி.

ஐப்பசி 6, வியாழன்
இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. அந்த உப்பு ரொம்பக் குறைந்து, இருதய மாத்திரையே விஷம் மாதிரி ஆகிவிட்டதாம். நாடி தப்பித் தப்பி. கண்ணுக்குச் சேலை மஞ்சளாய்த் தெரிந்ததும் அதனால்தான். மூன்று நாள் உப்பு மருந்து கொடுத்தும் சரியாக ஏறவில்லை. பெரிய டாக்டர் முகம் சரியில்லை. உமாவுக்கு அழுது கண் வீங்கியிருந்தது.
"வேற மருந்து எதுவும் உண்டான்னு கேட்டேம்லா ஆச்சி?"
"இல்லன்னு சொன்னேம்லாட்டி."
"அப்ப வாயில என்னத்தை அதக்குதிய?"
அதிமதுரம். தேவாரத்துக்குத் தொண்டை கட்டாமல் இருக்க இரண்டு மாதமாய் ஓயாமல். இங்கேயும் முந்தியில் முடிந்து வந்திருந்தேன்.
"இது மருந்தாட்டி? வேருல்லா!"
கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அதாம் ஆச்சி உப்பை இறக்குது. நான் படிச்சதுதான். உங்ககிட்ட கேக்கத்தான் தெரியல." முடிச்சை அவிழ்த்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசி 10, திங்கள்
வெயில். வேரை நிறுத்தியதும் உப்பு ஏறிவிட்டது. நாடி ஒழுங்கு. இரண்டு இட்லி தங்கியது. தெய்வத்துக்கும் பிள்ளைக்கும் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.
உமா தன் கேள்வித்தாளில் புதுசாய் ஒரு வரி சேர்த்தாள்: என்ன மெல்லுகிறீர்கள், என்ன கஷாயம் குடிக்கிறீர்கள்? இதே மாத்திரை தின்கிற பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் கேட்டாள்.
"அதிமதுரக் கஷாயந்தான் தாயி. மூணு வேளையும்."
வேறு மருந்து எதுவும் தின்பதில்லை என்று காலையில் அடித்துச் சொன்ன அம்மாள்!

ஐப்பசி 17, திங்கள்
வீடு. உமாவின் ஆராய்ச்சியை மதுரையில் டாக்டர்கள் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அவளுக்குக் கார்டு எழுதினேன்: இங்கே இருப்பது நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எடுத்த இரட்டைச் சடைப் படம். மேடையில் நிற்கிற மாதிரி புதுப் போட்டோ ஒன்று எடுத்து உடனே தபாலில் போடு, தாயி.